மண்கெட்டில் பழகிய மூன்று மாதம்

எங்கள் தீவுக்கும் கல்கத்தாவுக்கும் ஓடும் கப்பலின் என்ஜின் ரூமில் இருபத்திரண்டு வருடமாக, எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருக்கும் என் கணவர் ராஜவேலுக்கு, இந்த பிப்ரவரியில் டாக்டர் மெடிக்கல் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கையெழுத்து இருந்தால்தான் கப்பல் ஏறலாம். ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதே முக்காலில் நின்றது.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்று கேட்டார் டாக்டர்.

"எட்டு. சில நாள் பத்து."

"சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன் சார்."

"கப்பல்ல ஸ்பூன் எங்க இருக்கு டாக்டர்? கெட்டிப்பால் டின்னைக் கவுத்து ஊத்துவாங்க" என்றேன் நான். ராஜவேல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். மூன்று மாதம் விடுப்பு. மே மாதம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். எட்டுக்குக் கீழே வந்தால் கப்பல். வராவிட்டால் டாக்யார்டு ஸ்டோரில் மேசை வேலை. ஃபேன் ஓடும், ஜன்னல் இருக்கும், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரலாம். அதை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. நாற்பத்தைந்து டிகிரி என்ஜின் ரூமில் ஒருநாளும் முட்டாத மூச்சு.

எங்கள் ஊரான வண்டூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி பட்டினி கெடந்தா போதும்ல?"

"இந்த டெஸ்டுல அது நடக்காது" என்றேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டென்ட். ஸ்டாப் வருவதற்குள் விளக்கிவிடலாம் என்று தோன்றியது. ரத்தத்தில் ஓடும் சிவப்பு அணு ஒவ்வொன்றிலும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பிறகு விடாது. அணுவுக்கு ஆயுள் கிட்டத்தட்ட நூற்றிருபது நாள். ஆகவே இன்று எடுத்த ஒரு சொட்டைப் பார்த்தால் போன மூன்று மாதம் என்ன தின்றோம் என்று தெரிந்துவிடும்.

"லாக் புக் மாதிரி" என்றார்.

"லாக் புக்குல அடிச்சுத் திருத்தலாமே!"

"அரே, நாங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்க்கரை இல்லாத பால் டீயை மூன்று நாள் முயன்று பார்த்தார். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். அது உண்மைதான். தூள் தேயிலையைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு முழுவதும் இறங்கிவிடும். அந்தத் துவர்ப்பை மறைக்கத்தான் சர்க்கரை. சர்க்கரையை எடுத்துவிட்டால் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். சர்க்கரையை விட வேண்டுமானால் டீ போடும் முறையையே மாற்ற வேண்டும்.

அப்போதுதான் ஷோகேஸில் இருந்த மண்கெட்டில் ஞாபகத்துக்கு வந்தது. டிசம்பரில் கப்பல் கல்கத்தாவில் நின்றபோது சீனர்கள் கடை வைத்திருக்கும் பழைய தெரு ஒன்றில் அதை வாங்கியிருந்தார். கடைக்கார அம்மா அதில் டீ போட்டு அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "நல்லாத்தான் இருந்துச்சு ஷோபா, நெஜமா" என்றார். கூடவே ஒரு பெரிய பாக்கெட் இலைத்தேயிலையும் வாங்கி வந்திருந்தார். அது பிரிக்காமலே கிடந்தது.

கெட்டில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். இரண்டு சின்ன கிளாஸ் டீதான் பிடிக்கும். நிறம் காய்ந்த ரத்தம் போன்ற செம்பழுப்பு. உள்ளேயும் வெளியேயும் பளபளப்பே கிடையாது. பீங்கான் கோப்பையின் மேல் இருக்கும் பளபளப்பு ஒரு கண்ணாடிப் பூச்சு. அதில் ஊற்றிய டீ மண்ணைத் தொடுவதே இல்லை, கண்ணாடியைத்தான் தொடுகிறது. இதில் அந்தப் பூச்சு இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மண் அதைக் குடித்துவிட்டு ஒரு கறுப்பு வட்டத்தை மட்டும் விட்டது.

மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. ராஜவேல் தண்ணீர் நிரப்பி, துளையை விரலால் மூடிக்கொண்டு சாய்த்தார். கெட்டிலின் மூக்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. விரலை எடுத்தார். கொட்டியது.

"ஏர் வென்ட்!" என்றார். மெடிக்கலுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது அப்போதுதான். "எங்க டீசல் டேங்குலயும் இதேதான். வென்ட்டை அடைச்சா என்ஜின் நின்னுடும்." எதிர்வீட்டு நீலாவதி அக்காவைக் கூப்பிட்டு அவருக்கும் இரண்டு முறை செய்து காட்டினார்.

புது மண்பாத்திரத்தைப் பழக்காமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எத்தனையோ மீன்சட்டி பழக்கியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு மூன்று நாள் அரிசி கழுவின தண்ணீரையும் கஞ்சியையும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். கடைசியாக உள்ளே தேங்காயெண்ணெய் தடவிச் சிறு தீயில் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் காரணம் உண்டு. கஞ்சியின் மாவு மண்ணின் நுண்துளைகளை அடைக்கும், எண்ணெய் அதற்கு மேல் முத்திரை வைக்கும். சட்டி கசியாது, விரியாது, நேற்றைய சாளை மீன் இன்றைய வஞ்சிரத்தில் மணக்காது.

கெட்டிலை அப்படியே பழக்கினேன். நான்கு நாள். செய்யச் செய்ய ராஜவேலுக்கு ஒவ்வொரு படிக்கும் காரணம் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டார்.

ஐந்தாம் நாள் முதல் டீ. கிண்ணத்தில் ஊற்றினால் மேலே சின்னச் சின்னக் கண்களாக எண்ணெய் மிதந்தது. தேங்காயெண்ணெய் மணம். ஒரு வாய் குடித்தார்.

"தலைக்குத் தேய்க்கலாம்" என்றார்.

போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். சரியாகவில்லை. மார்ச் வெயிலில் ஒரு வாரத்தில் மண்ணுக்குள் இருந்த எண்ணெய் கெட்டு, சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்தது. நீலாவதி அக்கா வந்து மூடியைத் திறந்து முகர்ந்தார். அவர் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு வண்டூருக்கு வந்தார்.

"இதுக்குள்ள என்னத்தப் போட்ட?"

சொன்னேன்.

"அடி இவளே! தேத்தண்ணிக் கேத்தல மீன்சட்டி பழக்குற மாதிரியா பழக்குவ?" என்று சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமலே வந்துவிட்டது. "நாளைக்கி ரெண்டு நெத்திலியும் போட்டுக் குடு தம்பிக்கு. படிச்ச பிள்ளைன்னு பேரு!"

கெட்டில் வந்த பெட்டியில் கடையின் போன் நம்பர் இருந்தது. ராஜவேல் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நாங்கள் கெட்டிலைப் பழக்கிய விதத்தை ஹிந்தியில் சொன்னார். கடைக்கார அம்மா, "தேல்? தேல் லகாயா?" என்று இரண்டு முறை கேட்டார். எண்ணெயா, எண்ணெயா தடவினீர்கள்? அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

என் தவறு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீன்சட்டியின் துளைகளை அடைக்க வேண்டும். இந்தக் கெட்டிலின் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். டீ அதற்குள் போய்ப் போய், மண்ணே டீயாக மணக்க வேண்டும். இரண்டும் மண்தான், ஆனால் இரண்டிடமும் நாம் கேட்பது வேறு. நான் செய்த ஒவ்வொரு படியும் சரி, பாத்திரம்தான் வேறு.

சோப்பு போடவே கூடாது என்றார் அந்த அம்மா. எண்ணெய் போன வழியில் சோப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய பாத்திரத்தின் அடியில் பழைய வேட்டித் துணியை மடித்துப் போட வேண்டும். கெட்டிலும் மூடியும் கொதியில் ஆடி அடிபடாமல் இருக்க அது. இரண்டையும் தனித்தனியாக வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சூடான தண்ணீரில் குளிர்ந்த மண்ணை முக்கினால் வெளிப்பக்கம் முதலில் விரிந்து கெட்டில் பிளந்துவிடும். முதல் கொதிக்கு மட்டும் ஒரு ஸ்பூன் சோடா உப்பு. கெட்டுப்போன எண்ணெயில் அமிலம் இருக்கும். சோடா அதைப் பிடித்துத் தண்ணீரில் கரையும்படி செய்துவிடும். பிறகு சோடாவும் போகும்வரை வெறும் தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும்.

வண்டூரில் மார்ச் மாதம் குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை. ஏழு கொதிக்கு ஏழு பாத்திரத் தண்ணீர். முதல் தண்ணீரின் மேலே மஞ்சளாக ஆடை கட்டியது. நான்காவது தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்தது. கொதித்த தண்ணீரையெல்லாம் ஆறவைத்து ராஜவேல் வாழைக்கு ஊற்றினார்.

தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்லியிருந்தார் அந்த அம்மா. காலிக் கெட்டிலில் கொதிநீர் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ அது சூட்டில் வெளியே வந்துவிடும். ஏழாவது கொதிக்குப் பிறகு குடித்தேன். வெறும் தண்ணீர். கொஞ்சம் மழை நனைத்த சுவர் மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான்.

எட்டாவதாக, அவர் குடிக்கப்போகிற அதே இலைத்தேயிலையை ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவிட்டு, அதிலேயே விடியும்வரை ஊறவிட்டோம். இனி இந்தக் கெட்டிலில் இந்த ஒரு டீதான். இஞ்சி, ஏலக்காய், பால் எதுவும் கிடையாது.

அதன்பிறகு கெட்டில் ராஜவேலுடைய பொறுப்பாகிவிட்டது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கெட்டிலைச் சூடாக்கி அதைக் கொட்டிவிடுவார். பிறகு ஒரு ஸ்பூன் இலை, கொதி அடங்கிய தண்ணீர், முக்கால் நிமிடம். வாட்சைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முக்கால் நிமிடத்தில் மணம் இறங்கிவிடும், துவர்ப்பு இறங்க ஆரம்பிப்பதற்குள் ஊற்றிவிடலாம். அதே இலையில் மூன்று முறை ஊற்றலாம். குடித்து முடித்ததும் இலையை வழித்து எறிந்து, வெந்நீரில் அலசி, மிச்ச டீயை வெளிப்பக்கம் ஊற்றி, பருத்தித் துணியால் துடைப்பார். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து நிழலில் காயவிடுவார். மூடிவைத்தால் நம் தீவுக் காற்றின் ஈரத்துக்கு இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும்.

என்ஜின் ரூமில் பித்தளைக் குழாய்களைத் துடைத்துப் பழகிய கை. ஏப்ரலுக்குள் கெட்டிலின் மேல் மங்கலான ஒரு மினுக்கம் வந்திருந்தது. முதலில் "காய்ச்சல்காரன் குடிக்கிற தண்ணி" என்று சொன்ன டீயை இப்போது ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை. ஜன்னல் திட்டில் காயவைத்திருந்த கெட்டிலை நோக்கி ஒரு வரிசை எறும்பு போய்க்கொண்டிருந்தது. வரிசை கெட்டிலின் வாய்க்குப் போகவில்லை, மூக்குக்குள் போனது. மூக்கின் அடியில், இலை வராமல் தடுக்கும் சின்னத் துளைகள் இருக்கின்றன. அலசும் தண்ணீர் சரியாக எட்டாத இடம் அது ஒன்றுதான்.

வெறும் தேயிலைக்கு எறும்பு வராது.

எறும்பை ஊதிவிட்டு, கெட்டிலை அலசி, கொதிநீர் ஊற்றி, மூடினேன். பத்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன்.

"டீயா?"

"வெறும் தண்ணி. குடிச்சுப் பாருங்க."

குடித்தார். பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் ஒழுங்காக மடித்தார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வாரம்... மூணு இருக்கும்."

"எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு. சாயந்தரம் மட்டும். நீ ஸ்கூல்லருந்து வர்றதுக்கு முன்னாடி."

"வீட்டுலதான் சர்க்கரையே இல்லையே?"

எழுந்து போய் டூல் பாக்ஸிலிருந்து ஒரு கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்தார். நன்றாகக் கழுவிய டப்பா. பாதி வரைக்கும் சர்க்கரை. மேலே 'பேரிங் கிரீஸ்' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கோபத்தை மட்டும் காட்டினேன். "கிண்ணத்துல போட்டா நான் பாத்துடுவேன்னு கெட்டிலுக்குள்ளயே போட்டீங்களா?"

"மூணு தடவ அலசினேன் ஷோபா."

"மண்ணு அது! எண்ணெய எடுக்க ஏழு கொதி ஆச்சே, பாத்தீங்கல்ல?"

அவர் கிரீஸ் டப்பாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு அவரே சொன்னார்: "கப்பல்ல நாலு மணிக்கு வாட்ச் மாறும், என் டூட்டி முடியும். கீழேருந்து ஏறி வந்தா சட்டை பிழியற மாதிரி இருக்கும். அப்ப ஒரு டீ வரும் பாரு. இங்க நாலு மணிக்கு என்ன இருக்கு? உக்காந்திருக்கேன். மறுபடி கப்பலே கெடைக்காதுன்னு தோணிடுது. அப்பத்தான்..."

"கப்பல் கெடைக்காதுன்னு பயந்து, கப்பல் கெடைக்காம பண்ற வேலையப் பாத்தீங்களா?"

"ஆமா" என்றார். "என்ஜின்ல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அடிச்சிருப்பேன்."

கெட்டிலை அவரே கொதிக்கவைத்தார். துணி, பச்சைத் தண்ணீர், சிறு தீ. ஆற விட்டு, சோதனைத் தண்ணீர் ஊற்றி என்னிடம் தந்தார். இனிப்பு போயிருந்தது.

"ஒரே கொதியில போயிடுச்சே?" என்றார்.

"எண்ணெய் தண்ணியில கரையாது. சர்க்கரை கரையும். அதனால ஒண்ணே போதும்."

"அப்ப எனக்கு?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "உங்களுக்கு ஒரு கொதி போதாது. போன மூணு வாரம் ஒட்டினது ஒட்டினதுதான். அந்த அணு சாகிற வரைக்கும் இருக்கும். ஆனா முன்ன நாளைக்கு இருபது ஸ்பூன், இப்ப ரெண்டு. எட்டுக்குக் கீழ வருமா வராதான்னு என்னால கணக்குப் போட முடியல."

"டெஸ்ட்டத் தள்ளிப் போடச் சொல்லட்டுமா?"

"அது நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் தள்ளிப்போடவில்லை. கிரீஸ் டப்பாவை நீலாவதி அக்காவிடம் கொடுத்து, என்ன ஏது என்று முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஷோபா, தம்பி களவெடுத்த சீனியில எனக்குத் தேத்தண்ணி நல்லா ருசிக்குது!" அன்றிலிருந்து நாலு மணிக்கு அவர் அக்காவின் வீட்டு மோட்டாரையோ யாருடைய படகு என்ஜினையோ பிரித்துக்கொண்டு இருந்தார். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். அந்தக் கையால் கெட்டிலைத் தொட முடியாதே, அதனால் கழுவிக் காயும்வரை டீயும் தள்ளிப்போனது.

மே பன்னிரண்டாம் தேதி ரத்தம் கொடுத்தோம். மறுநாள் ரிசல்ட். டாக்டரின் அறைக்குள் போய் உட்கார்ந்ததும், அவர் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே ராஜவேல் சொல்லிவிட்டார், "சார், நடுவுல மூணு வாரம் திருட்டுத்தனமா சர்க்கரை போட்டுக் குடிச்சேன். எறும்பு காட்டிக் குடுத்துடுச்சு."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எறும்பைப் பற்றியும் மூக்கின் துளையைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் படித்தார்.

"ஏழு புள்ளி எட்டு."

ராஜவேல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆறு மாதம். நவம்பரில் மறுபடி ரத்தம். அப்போது ஏழரைக்குக் கீழே வர வேண்டும். கப்பலில் பார்த்துக்கொள்ள உங்கள் மனைவி இருக்க மாட்டார்."

"எறும்பும் இருக்காது சார்" என்றார் அவர்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருடத்து முதல் பெருமழை. ஷட்டரை இறக்கினார்கள், உள்ளே இருட்டாகிவிட்டது. ராஜவேல் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்று நினைத்தேன்.

"வியாழக்கிழமை ஏறணும்" என்றார் கடைசியில். "பயமா இருக்கு ஷோபா."

"எதுக்கு?"

"நாலு மணிக்கு."

சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். கப்பல் சமையல்காரர் அன்பழகனுக்குப் போட்டார். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அன்பழகா! நான்தான், ராஜவேல். ஆமா, மெடிக்கல் பாஸ்! வியாழக்கிழமை வர்றேன். கேளு, எனக்கு சர்க்கரை வியாதி. கேக்குதா? சுகர்! ஏழு புள்ளி எட்டு! எல்லார்கிட்டயும் சொல்லு. செகண்ட் என்ஜினியர் சார்கிட்டயும் சொல்லு. மெஸ்ல எழுதி ஒட்டு. எனக்கு யாரும் கெட்டிப்பால் டீ நீட்டக் கூடாது, நானே கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது."

முன்சீட்டுப் பெங்காலி அம்மா திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னொண்ணு. ஒரு சின்ன மண்கெட்டில் கொண்டு வர்றேன். எவனும் அதுக்கு சோப்பு போடக் கூடாது. வெந்நீர் மட்டும். மூடிய மூடி வைக்காதீங்க, பூசணம் பிடிச்சுடும். எண்ணெயா? எண்ணெய் தடவினா கைய ஒடிச்சுடுவேன்!"

அன்பழகனின் குரல் எனக்கே கேட்கும்படி வந்தது.

"டீக் ஹை, சரி அண்ணே. அப்ப உங்க பங்கு கெட்டிப்பால் எனக்கா?"

"எடுத்துக்கடா" என்றார் ராஜவேல். "மெடிக்கல் எப்போ உனக்கு?"